சொட்டு விழுந்த இடமும் கசிந்த இடமும்

மாமா பழைய லேண்ட் ரோவர் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னபோது அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அது ஓடுமா, ஒழுகுமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பதில் சொன்னார். "ரெண்டும்தாம்மா. ஒழுகலேன்னாதான் பயப்படணும். உள்ள எண்ணெயே இல்லேன்னு அர்த்தம்."

லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கும் பழைய பகடி அது. பெரியவர் அதை எங்கும் படித்ததில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பட்டறையில், 1966இல், 14 வயதில், ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர் அவர். ஊரில் அவருக்குப் பெயர் போமேன் ஐயா. ஆங்கிலத்தில் ஃபோர்மேன் என்றால் மேற்பார்வையாளர். அந்தச் சொல் மலாய்க்குள் போய், தேய்ந்து, வண்டி பழுதுபார்க்கிறவரைக் குறிப்பதாக மாறிவிட்டது. தோட்டத்தில் மேற்பார்வை துரையிடமும் கிராணியிடமும் இருந்தது. பட்டம் மட்டும் கையில் எண்ணெய் படிந்தவருக்கு வந்து சேர்ந்தது.

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் ஐயா இரண்டு நிபந்தனைகள் வைத்தார். நாங்கள் போய்ச் சேரும்வரை இன்ஜினை யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. முதல்நாள் இரவே வண்டிக்கு அடியில் நியூஸ்பேப்பர் விரித்து வைக்க வேண்டும். "நாம போறப்பவே பானெட் சூடா இருந்துச்சுன்னா திரும்பி வந்துடலாம். காலையில முதல்ல வர்ற புகையை நமக்குக் காட்ட விருப்பமில்லேன்னு அர்த்தம்."

அந்தக் காலையில் நான் பார்த்ததும் கேட்டதும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஒரு பழைய வண்டியின் புகையையும் கசிவையும் படிக்கிற அறிவு எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, அவர்களுக்கு என்ன ஆனது என்று தேடிப்போனால், நம்முடைய தோட்ட வரலாற்றில் அதிகம் பேசாத ஒரு மூலைக்கு வந்து நிற்கிறோம்.

முதலில் இயந்திரம் இந்த மலைக்கு ஏறிய கதை. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறித்துவைத்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்றிருந்த ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். நீராவியில் ஓடும் ரோடு ரோலர் ஒன்று, சில கோவேறு கழுதைகள், ஒரு கூட்டம் தொழிலாளர்கள், இவற்றைக் கொண்டு காட்டைத் தோட்டமாக்கினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அந்த வாக்கியத்தில் ரோலருக்குக் கணக்கு உண்டு: ஒன்று. மனிதர்கள் ஒரு கூட்டம். 1931இல் தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை முடிந்தது. வளைவுக்கு மேல் வளைவாக ஏறும் அந்தச் சாலைதான் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு மலையின் ஒரே வாசல்.

லேண்ட் ரோவர் உலகத்துக்கு முகம் காட்டியது 1948 ஏப்ரல் 30 அன்று, ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில். இரண்டாம் உலகப்போர் முடிந்து பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். விவசாயிக்கான வண்டி என்றுதான் திட்டம். ஏழே வாரங்களில், ஜூன் 16 அன்று, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது முடிய 1960 ஆனது. காட்டோரத் தோட்டங்களுக்குள் போலீஸும் ராணுவமும் போய்வர, விவசாயிக்காகச் செய்த அந்த வண்டியே பொருத்தமாக அமைந்துவிட்டது. 1951 அக்டோபர் 6 அன்று, பகாங்கின் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் ஹை கமிஷனர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டபோது, அவர் இருந்தது ரோல்ஸ் ராய்ஸில். காவலுக்குப் போன போலீஸார் இருந்தது லேண்ட் ரோவரில்.

கேமரன் மலையிலும் பிரிட்டிஷ் ராணுவத்தின் கால்தடம் உண்டு. ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காக ஸ்லிம் பள்ளி 1951 முதல் 1964 வரை தானா ராத்தாவில் நடந்தது. 1971இல் பிரிட்டிஷ் படைகளின் பெரும்பகுதி இந்த வட்டாரத்தைவிட்டு வெளியேறியது. ராணுவம் கழித்துவிட்ட லேண்ட் ரோவர்கள் ஏலத்தில் வந்தன, அவைதான் மலையேறி முட்டைக்கோஸும் தக்காளியும் சுமக்கத் தொடங்கின என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இன்றைக்குப் பிரிஞ்சாங்கிலோ கம்போங் ராஜாவிலோ பத்து நிமிடம் நின்றால் போதும். பெயிண்ட் போன, கதவில்லாத, முன்கண்ணாடிகூட இல்லாத லேண்ட் ரோவர் ஒன்று கூடை கூடையாகக் காய்கறியோடு கடந்துபோகும்.

அலுமினியம் துருப்பிடிப்பதில்லை. அதனால்தான் வண்டிகள் இத்தனை காலம் நிற்கின்றன என்று நான் நினைத்திருந்தேன். ஐயா ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து வண்டிக்கு அடியில் தட்டிக் காட்டினார். "சட்டை நல்லாத்தான் இருக்கும் தம்பி. எலும்பைப் பாரு." சேஸிஸ் எஃகு. கெட்டியான இடத்தில் 'டங்' என்று ஒலித்தது. பின்பக்கம் ஓரிடத்தில் 'டொக்' என்றது. இந்த மலையின் மழை உள்ளுக்குள்ளேயே தின்றிருந்தது.

பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

கேமரனில் காலைப் புகையைப் படிப்பது கீழே ஈப்போவில் படிப்பதுபோல் இல்லை. 15 டிகிரி குளிரில் எந்த வண்டிக்கும் வெள்ளையாக ஏதோ வரும். அது வெறும் நீராவி. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. இரவில் குழாய்க்குள் ஈரமும் சேர்கிறது. இன்ஜின் சூடேறினால் காணாமல் போய்விடும். "அஞ்சு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நில்லு. மூடுபனி வேற, புகை வேற. அவசரக்காரனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை, அதில் லேசான இனிப்பு வாசமும் இருக்கிறது என்றால், ரேடியேட்டருக்குள் இருக்க வேண்டிய கூலன்ட் இன்ஜினுக்குள் எரிகிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். அதற்குச் சாட்சிகள் தேட வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டால் குமிழி விடாமல் வருகிறதா? இதை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் திறக்க வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் தே தாரிக் நிறத்தில் ஏதாவது படிந்திருக்கிறதா? அங்கேயும் அவசரப்படக் கூடாது. குளிர் ஊரில் கொஞ்சதூரம் மட்டும் ஓடும் வண்டிக்கு மூடியில் சும்மாவே அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று முடிவுக்கு வரலாம்.

கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. சோக் மாட்டிக்கொண்டிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டீசல் வண்டியென்றால் இன்ஜெக்டர் ஒழுகலாம். மலைக்கென்று ஒரு தனிக்காரணமும் உண்டு. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழே தாப்பாவில் சரியாக டியூன் செய்த கார்புரேட்டர் மேலே வந்ததும் பெட்ரோலை வாரி இறைக்கும். அப்போது வண்டிக்கு நோய் ஒன்றும் இல்லை, ஊர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீலப் புகைதான் வில்லங்கம். அது இன்ஜின் எண்ணெய் எரிகிற புகை. எந்த வழியாக எண்ணெய் உள்ளே போகிறது என்பதை ஐயா தாப்பா சாலையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பெட்ரோல் வண்டியை ஆக்ஸிலரேட்டரில் கால்வைக்காமல் கியரிலேயே நெடுநேரம் இறக்கத்தில் விட்டால், உறிஞ்சு விசை கூடி, தேய்ந்த வால்வுத் தண்டின் ஓரமாக எண்ணெய் உள்ளே இழுபடும். இறக்கம் முடிந்து காலை அழுத்தியதும் பின்னால் ஒரே ஒரு நீலக் குப்பென்ற புகை வரும். அது வால்வு. மாறாக, ஏற்றத்தில் சுமையோடு திணறும்போது நீலமாகத் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். முதலாவது சில நூறு ரிங்கிட்டோடு முடியலாம். இரண்டாவது இன்ஜினையே பிரிக்க வைக்கும். "ரோடே நமக்கு மெஷின். ஏறவிட்டுப் பாரு, இறங்கவிட்டுப் பாரு. வண்டி பொய் சொல்லாது."

இன்னொன்றும் சொன்னார். பழைய லேண்ட் ரோவர்களின் ஏர் ஃபில்டருக்குக் கீழே ஒரு எண்ணெய்க் கிண்ணம் உண்டு, தூசியைப் பிடிக்க. அதில் யாராவது அளவுக்கு மேல் ஊற்றிவிட்டால் இன்ஜின் அந்த எண்ணெயையே குடித்து நீலமாகப் புகைவிடும். அதைப் பார்க்காமல் ரிங் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரித்தவர்களைத் தன் காலத்தில் கண்டிருக்கிறாராம்.

அடுத்து நியூஸ்பேப்பர். ஐயாவின் பட்டறைக் காலத்தில் விரித்தது தமிழ் நேசன். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. இப்போது கிடைத்த தாளை விரிக்கிறார். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பார்த்தோம். நான்கு இடங்களில் கறை.

இங்கேதான் அவர் சொன்ன முக்கியமான பாடம். சொட்டு விழுந்த இடம் வேறு, கசிந்த இடம் வேறு. மேலே வால்வு மூடியின் கேஸ்கெட்டில் கசிந்த எண்ணெய் இன்ஜின் உடம்பெல்லாம் வழிந்து, காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் கியர் பாக்ஸுக்கு அடியில் வந்து சொட்டும். கீழே பார்த்தவன் கியர் பாக்ஸைக் கழற்றுவான். அதனால் முதலில் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு கொஞ்சதூரம் ஓட்டிவிட்டு, நனைந்த இடங்களில் ஆக மேலே இருப்பது எது என்று தேட வேண்டும். அதுதான் மூலம்.

ஒவ்வொரு கறையையும் விரலால் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்தார். கறுப்பாக, வழவழப்பாக இருப்பது மினியாக் ஹித்தாம், இன்ஜின் எண்ணெய். கெட்டியாக, கந்தக வாடையோடு இருப்பது கியர் எண்ணெய். முன்சக்கரத்துக்கு உட்புறம் பந்துபோல இருக்கும் ஸ்விவலில் அது கசியாத பழைய லேண்ட் ரோவர் அபூர்வம். பச்சையாகவோ துருநிறத்திலோ இனிப்பு வாசத்தோடு முன்பக்கம் விழுந்தால் கூலன்ட், தண்ணீர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையைப் பார்க்க வேண்டும். நான்காவது கறை பின்சக்கரம் ஒன்றின் உட்புறத்துக்கு நேராக இருந்தது. நிறமே இல்லை. தாளில் கண்ணாடிபோலத் தெரிந்தது. ஐயா முதன்முறையாகச் சிரிப்பை நிறுத்தினார்.

"இது பிரேக் எண்ணெய். மத்ததெல்லாம் ஒழுகட்டும், ஊத்திக்கலாம். இது ஒழுகினா நாமதான் ஊத்திக்குவோம்."

பழைய சீரிஸ் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் சுற்று. ஒரு சக்கரத்தின் சிலிண்டர் போனால், மிதிக்கிற காலுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. தாப்பா இறக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று மலைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கடைசியாக ஐயா வண்டிக்கு அடியில் படுத்தார். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தில், ஃப்ளைவீல் கூட்டின் அடிப்பக்கம், ஒரு ஓட்டையும் அதை மூடும் திருகு மூடியும் உண்டு. ஆற்றுக்குள் இறங்கும்போது தண்ணீர் உள்ளே போகாமலிருக்க மட்டும் அந்த மூடியைப் போட வேண்டும். மற்ற நேரத்தில் ஓட்டை திறந்திருக்க வேண்டும். உள்ளே எண்ணெய் கசிந்தால் அந்த வழியாகச் சொட்டி, ஓட்டுகிறவனுக்குச் சொல்லிவிடும். எங்கள் வண்டியில் அது இறுக்கி மூடியிருந்தது. ஐயா திருகியதும் அரை டம்ளர் கறுப்பு எண்ணெய் கொட்டியது. மோந்து பார்த்தார். கந்தக வாடை இல்லை. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் போயிருந்தது. விற்க வந்தவர் சொட்டை மறைக்க மூடியைப் போட்டுவைத்திருந்தார். எண்ணெய் வெளியே வரவில்லை, உள்ளேயே தேங்கி கிளட்சை நனைத்துக்கொண்டிருந்தது.

"இதை உங்களுக்கு யாருய்யா சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

அவருக்கும் ஒரு போமேன் இருந்திருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், யுத்தத்துக்கு முன் வந்தவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வண்டியோடு வந்த கையேட்டின் படங்களை மட்டும் பார்த்து, மீதியை மூக்கால் கற்றவர். துரையின் வண்டி, ஃபேக்டரி லோரி, போலீஸ் லேண்ட் ரோவர் எல்லாம் அவர் கைக்கு வந்திருக்கின்றன. அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அதாவது குடியுரிமை இல்லை.

1969இல் அரசாங்கம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலைசெய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முந்தைய ஆண்டு இயற்றிய சட்டம் அது. 1957இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கு மனுப்போடாதவர்கள், போடத் தெரியாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் தோட்டங்களில் நிறையப் பேர். பல்லாயிரம் தமிழர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். முப்பது, நாற்பது வருடம் முன்பு விட்டுவந்த ஊருக்கு. ஐயாவின் போமேனும் 1970இல் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். போவதற்கு முன் 18 வயதுப் பையனைப் பட்டறையில் உட்காரவைத்து இரண்டு நாள் பேசிக்கொண்டே இருந்தாராம். எழுதிவைக்க இரண்டு பேருக்குமே பழக்கமில்லை.

அடுத்த வருடம் பிரிட்டிஷ் படைகளும் போயின. அவர்கள் விட்டுப்போன வண்டிகள் ஏலத்தில் போய், புதிய எண் பலகை வாங்கி, இந்த நாட்டின் வண்டிகளாகிவிட்டன. அவற்றைப் போன்ற வண்டிகளை இருபது வருடம் ஓடவைத்த மனிதருக்கு அந்தப் பதிவு கிடைக்கவில்லை.

டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபன்ஜாங் என்ற சின்ன ஊர் இருக்கிறது. தேயிலைத் துரைமார் காலத்துப் பழைய லேண்ட் ரோவர்கள் அங்கிருந்து சந்தக்ஃபூ மலைமேல் இன்றும் ஏறுகின்றன. 2018இல், தன் 70ஆம் ஆண்டை ஒட்டி, லேண்ட் ரோவர் நிறுவனம் அந்த ஊரைப் பற்றி ஒரு படம் எடுத்தது. ஓட்டுநர்கள் முகம் காட்டிப் பேசினார்கள். அதைப் பார்த்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. கேமரனில் ஆயிரக்கணக்கில் இந்த வண்டிகள் உண்டு. சுற்றுலாப் பயணிகள் அவற்றின் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அவற்றை யார் ஓடவைத்தார்கள் என்று கேட்டால் தானா ராத்தாவின் சீனப் பட்டறைக்காரர்களைச் சிலர் சொல்வார்கள். அது சரிதான், அவர்களுக்கும் பங்குண்டு. தோட்டத்துப் பட்டறைகளை யாரும் சொல்வதில்லை. தமிழர் என்றால் கொழுந்துக்கூடை. படத்திலும் அதுதான், நம்முடைய கதைகளிலும் பெரும்பாலும் அதுதான். பால்வெட்டையும் கொழுந்தையும் எழுதிய அளவுக்கு நாம் ஸ்பேனரை எழுதவில்லை. கூடையோடு நின்றவருக்கு உழைப்பு மட்டும் இருந்தது, அறிவு வெள்ளைக்காரனிடம் இருந்தது என்ற கறை அப்படியே நம் எழுத்தில் தங்கிவிட்டது. கறை விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மாமா வண்டியை வாங்கினார். பிரேக் சிலிண்டருக்கும் பின்பக்க சீலுக்கும் ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு. சீல் என்னவோ கையகலப் பொருள்தான். அதை மாற்ற சீட் பெட்டியைத் தூக்கி, தரையைக் கழற்றி, கியர் பாக்ஸை வெளியே எடுக்க வேண்டும். ஐயாவுக்கு இப்போது முதுகு வளையாது. ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மாமாவின் மகனும் ஒரு வங்காளதேசத் தம்பியும் கழற்றினார்கள். அந்தத் தம்பியின் பெர்மிட் இந்த வருடக் கடைசியில் முடிகிறது. அவன்தான் எண்ணெயை மோந்து சரியாகச் சொன்னான். ஐயா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். "எழுதினா மூக்கு வேலை செய்யாது தம்பி," என்றார். கொஞ்சநேரம் கழித்து, "சரி, எழுது. தஞ்சாவூர்க்காரரையும் எழுது," என்றார்.

வேலை முடிந்ததும் அந்தத் திருகு மூடியைத் துடைத்து, ஒரு கயிற்றில் கோத்து, டேஷ்போர்டில் கட்டிவிட்டார். ஆற்றில் இறங்கும்போது மட்டும் போட வேண்டும் என்று மாமாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை தாளில் ஒரு சொட்டுதான் இருந்தது. ஸ்விவல். அதை அப்படியே விட்டுவிட்டோம்.